வறட்சி தேர்ந்தெடுத்த கேழ்வரகு

கோலார் தங்கவயல் என்றால் ஊரெல்லாம் சுரங்கத்தைத்தான் பேசுகிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் மூடப்பட்டது. இந்தக் கதையைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். ஷிஃப்டுக்குப் போன வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கேழ்வரகுக் களி புதிய சாப்பாடு இல்லை. இங்கே வந்து பார்த்தால் அக்கம்பக்கத்துக் கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் அதையே முத்தே, சங்கட்டி என்று உருட்டி வைத்திருந்தார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளைத் தாண்டி பேத்தமங்கலம் பக்கம் போனால் செம்மண் கொல்லைகளில் அந்தக் கேழ்வரகு இன்றும் நிற்கிறது.

நிற்பதே பெரிய காரியம். கோலார் மாவட்டத்தில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு பேத்தமங்கலம் வழியாகப் போகிறது, பெரும்பாலான நாட்களில் மணலாக. ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அளவைவிட அது வரும் விதம்தான் தொல்லை. மே மாதம் ஒரு கொட்டு கொட்டிவிட்டு, ஜூன், ஜூலையில் மேகம் மட்டும் காட்டி, செப்டம்பர், அக்டோபரில் மறுபடி இறங்கும். நடுவில் மூன்று வாரம் காய்ந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இந்த மழையை நம்பி ஒரு பயிர் சில ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அங்கிருந்து கடல் தாண்டி வந்த பயிர் தக்காண வறட்சிக்கு எப்படிப் பழகியது?

பதில் கொல்லையிலேயே கிடைக்கிறது, குனிந்து பார்த்தால். நாட்டு ராகி விதைத்த கொல்லையில் ஒரு செடியின் தண்டு பச்சை, பக்கத்துச் செடியின் கணுவில் ஊதா. ஒரு கதிரின் விரல்கள் உள்நோக்கி மடங்கி மூடிய முட்டியாக இருக்கும், இன்னொன்று கையை விரித்ததுபோல் நிற்கும். ஒன்று பழுத்துத் தலை சாயும்போது அடுத்தது பால் பிடித்துக்கொண்டிருக்கும். கிட்ட ராகி, ஜேனுமுத்தே, ருத்ரஜடே, மஜ்ஜிகே, ஹுள்ளுபிலி என்று தென் கர்நாடகத்தில் வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு கூட்டமே இருக்கிறது.

கூட்டம் கலையாமல் இருப்பதற்குக் காரணம் கேழ்வரகின் பூ. அது பெரும்பாலும் இரவு 1 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் மலர்கிறது. மிகச் சின்னப் பூ. தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும். வெளி மகரந்தம் சேர்வது நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். அதனால் ஒரு கொல்லையில் பல தூய வம்சங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன, ஒன்றோடொன்று அதிகம் கலக்காமல். மழை பின்தங்கிய வருஷம் சீக்கிரம் கதிர் தள்ளும் வம்சம் அதிக மணி கொடுக்கும். களத்திலிருந்து அடுத்த விதைப்புக்கு எடுக்கும் விதையில் அதன் பங்கு கூடும். மழை நன்றாகப் பெய்த வருஷம் நெடிய வம்சத்தின் பங்கு ஏறும். புதிய மரபணு எதுவும் பிறக்கவில்லை, இருந்தவற்றின் விகிதம் மட்டும் மாறியது. ‘தகவமைப்பு’ என்று பாடப்புத்தகம் சொல்வதில் பெரும்பகுதி இந்த விகிதக் கணக்குதான். எப்போதோ அபூர்வமாக நடக்கும் அந்த ஒரு சதவீதக் கலப்பு புது வம்சத்தை உருவாக்கிக் கணக்கில் சேர்க்கும்.

மக்காச்சோளம் இதற்கு நேர் எதிர். உச்சியில் ஆண் பூ, இடுப்பில் பெண் கதிர், நடுவே காற்று. பக்கத்துக் கொல்லைக்காரன் என்ன விதைத்தான் என்பது உங்கள் கதிரில் தெரியும். மெக்சிகோவின் மலைச்சரிவுகளில் உழவர்கள் வைத்திருக்கும் நாட்டு மக்காச்சோளங்கள், ஓரத்தில் வளரும் காட்டு உறவான தியோசிந்தேயிடமிருந்து மரபணுத் துண்டுகளை இப்படித்தான் வாங்கிக்கொண்டன. அந்தத் துண்டுகள் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு ஏற்றவை என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பயிர் கடன் வாங்கிப் பிழைக்கிறது, இன்னொன்று கையிருப்பை வைத்துச் சமாளிக்கிறது.

கையிருப்பின் பலத்துக்கு சுரங்க ஊர்க்காரர்கள் அறிய வேண்டிய ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனில் அந்தோணி பிராட்ஷாவும் அவருடன் வேலை செய்தவர்களும் வேல்ஸ் நாட்டின் பழைய செம்பு, ஈயச் சுரங்கக் கழிவு மேடுகளில் முளைத்த புல்லை ஆராய்ந்தார்கள். மேட்டில் வளர்ந்த புல் உலோக நஞ்சைத் தாங்கியது. சில மீட்டர் தள்ளி மேய்ச்சல் நிலத்தில் இருந்த அதே இனப் புல் தாங்கவில்லை. சாதாரண மேய்ச்சல் புல்லின் விதையை எடுத்து நச்சு மண்ணில் தூவியபோது ஏறக்குறைய எல்லாம் செத்தன, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைத்தன. தாங்கும் செடி முன்பே கூட்டத்தில் ஒளிந்திருந்தது, விஷம் அதைப் பொறுக்கி எடுத்தது. நம் ஊர் சயனைடு மேட்டோரப் புல்லையும் யாராவது ஒருநாள் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

வறட்சி பொறுக்கி எடுத்த குணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பகல் நீளத்தை அறியும் குணம். கேழ்வரகு குறும்பகல் பயிர். நீண்ட நாள் நாட்டு ரகங்களை ஜூன் மாதம் விதைத்தாலும், மழை ஏமாற்றி ஜூலைக் கடைசியில் விதைத்தாலும், பகல் சுருங்கத் தொடங்கியதும் அவை பூப்புக்குத் தயாராகும். வளரும் காலத்தைக் குறைத்துக்கொண்டு பின்மழைக்கு மணி பிடிக்கப் பார்க்கும். மகசூல் குறையலாம், ஆனால் கதிர் வரும். புதிய ரகங்கள் பலவற்றில் இந்த உணர்வு மழுங்கலாக இருக்கும், அவை நாட்களை எண்ணும். விதைத்தது எந்தத் தேதியானாலும் 100 நாள் என்றால் ஏறத்தாழ 100 நாள். ஆகஸ்டில் விதைக்க நேர்ந்தால் குறுகிய நாள் ரகம்தான் கைகொடுக்கும், அதையும் மறுக்க முடியாது.

மக்காச்சோளத்துக்கு இதே உணர்வு தடையாக இருந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த பயிர், வடக்கே கோடைப்பகல் நீள நீள, பூக்க மறுத்தது. பகல் நீளத்துக்குக் கட்டுப்படும் மரபணு ஒன்றின் முன்பகுதியில் ஒரு தாவும் மரபணு வந்து செருகிக்கொண்டு அதை அடக்கியது. அப்படிச் செருகல் ஏறிய செடிகளை உழவர்கள் அறியாமலே பொறுக்கிக்கொண்டு வடக்கே போனார்கள். தாவும் மரபணுக்களை மக்காச்சோளத்திலேயே கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கேழ்வரகின் மற்ற உபாயங்களும் எளியவை அல்ல. காய்ச்சலில் வளர்ச்சியை நிறுத்தி இலையைச் சுருட்டிக்கொள்ளும், மழை வந்ததும் பக்கத் தூர் விட்டு மறுபடி எழும். நாட்டு ரகத்தில் தூர்கள் ஒரே நேரத்தில் கதிர் தள்ளுவதில்லை. அறுவடைக்காரருக்கு எரிச்சல்தான், ஆனால் முதல் கதிரைக் காய்ச்சல் கொண்டுபோனாலும் பின்னால் வரும் கதிர் தப்பிக்கும். மணியின் கரும்பழுப்புத் தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் பூஞ்சணத்தை எதிர்க்கிறது. வெள்ளை மணி ராகி மாவுக்கு அழகு, ஈரக் காற்றில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இரட்டைச் சொத்து ஒன்று இருக்கிறது. கேழ்வரகின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மூதாதையரின் முழு மரபுத்தொகுதி, மொத்தம் 36 குரோமோசோம்கள். ஒரு மூதாதை நம் தெருவோரத்தில் விரல்போல் கதிர் விட்டு நிற்கும் களைப்புல்லின் இனம். இன்னொன்று யார் என்பது இன்னும் பிடிபடவில்லை, அழிந்துபோயிருக்கலாம். ஒரு மரபணுவின் இரு நகல்கள் இருப்பதால் ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று வேறு வேலைக்குத் திரும்ப வழியுண்டு. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் ஷைலஜா ஹித்தல்மணி தலைமையிலான குழு 2017-ல் எம்.எல்.365 என்ற ரகத்தின் மரபுத்தொகுதியை வெளியிட்டது. 85,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள், அவற்றில் வறட்சியின்போது விழித்துக்கொள்பவை ஆயிரக்கணக்கில். வறட்சிக்கென்று ஒரு மரபணுவைப் பிடித்து நெல்லில் வைத்துவிடலாம் என்று கனவு காண்பவர்கள் இந்த எண்ணிக்கையை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நாட்டு ரகத்தைக் கோயில் சிலையாக்கிக் கும்பிடுவதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. குலைநோய் வந்தபோது பழைய ரகங்கள் பல மணியில்லாமல் கருகின. அதற்கு மருந்து கலப்பில்தான் கிடைத்தது. மண்டியா வி.சி. பண்ணையில் சி.எச். லட்சுமணய்யா இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் சேர்த்து ‘இண்டாஃப்’ வரிசையை உருவாக்கினார். இந்தியாவின் முதலெழுத்துகளும் ஆப்பிரிக்காவின் முதலெழுத்துகளும் சேர்ந்த பெயர். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவுகள் மீண்டும் சந்தித்ததில் கதிர் பருத்தது, கர்நாடகத்தின் ராகி மகசூல் ஏறியது. அவரை ‘ராகி பிரம்மா’ என்றே கன்னடர்கள் அழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூவில் கலப்புச் செய்வது எத்தனை பாடு! கோவை சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் காலத்திலிருந்து ஓர் உத்தி உண்டு. பச்சைத் தண்டுச் செடியின் கதிரையும் ஊதாத் தண்டுச் செடியின் கதிரையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பச்சைக் கதிரின் விதையை விதைத்து, முளைப்பவற்றில் ஊதா தட்டிய நாற்றை மட்டும் பொறுக்குவார்கள். அதுதான் கலப்பு.

பிறகு 1990-களில் வந்த ஜி.பி.யு.28 குலைநோயைத் தாங்கி, மாநிலத்தின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டது. நல்ல ரகம். ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே வம்சம் நின்றால், குலைநோய்ப் பூஞ்சைக்கு ஒரே ஒரு பூட்டைத் திறந்தால் போதும். மிச்சமிருந்த பரப்பைத் தைலமரமும் தக்காளியும் மாட்டுத்தீவனத்துக்கான வீரிய மக்காச்சோளமும் பங்குபோட்டுக்கொண்டன. தக்காளிக்குக் கிடைக்கும் கைக்காசைக் கேழ்வரகு தராது. கொல்லைக்காரர் அருங்காட்சியகம் நடத்தக் கடமைப்பட்டவரல்ல.

விதைகள் தொலைந்துபோகவில்லை. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 5,940 கேழ்வரகு மாதிரிகளை அலசி 622 கொண்ட ஒரு சாரத் தொகுப்பையும், அதிலிருந்து 80 மட்டும் கொண்ட சிறு தொகுப்பையும் பிரித்தது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை சுருட்டை, சட்டை, சுண்டாங்கி போன்ற நாட்டுக் கேழ்வரகுகளை மலைவாழ் மக்களின் காட்டிலேயே தக்கவைக்க முயன்றது. இரண்டாவது வழிக்கு என் ஓட்டு. குளிரறையில் விதை உயிரோடிருக்கும், அதற்கு வறட்சி வராது. வறட்சி வராத இடத்தில் விகிதம் மாறாது.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. 2001-ல் இயற்றப்பட்ட பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவர் ரகங்களைப் பதிவுசெய்ய இடம் கொடுக்கிறது, நல்ல காரியம். பதிவுக்கு ரகம் தனித்துத் தெரிய வேண்டும், சீராக இருக்க வேண்டும், தலைமுறை தோறும் மாறாதிருக்க வேண்டும். உழவர் ரகங்களுக்குச் சீர்மையில் கொஞ்சம் தளர்வு உண்டு. என்றாலும் பச்சையும் ஊதாவும், முட்டியும் விரிந்த விரலும், முன்னதும் பின்னதுமாக நிற்கும் ஒரு ராகிக் கொல்லையைப் பதிவாளரிடம் கொண்டுபோனால், முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். பச்சைக்குத் தனிச் சான்றிதழ், ஊதாவுக்குத் தனிச் சான்றிதழ் கிடைக்கலாம். இரண்டும் சேர்ந்து நிற்கும் கொல்லைக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.