23 மணி நேரத் தொப்பி

ஒரு நாளைக்கு 23 மணி நேரம். பால் குடிக்கும்போதும் தூங்கும்போதும் தவழும்போதும் தலையில் இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் குளியல், தலை துவட்டல், தோலைப் பார்ப்பது, கழற்றியதைக் கழுவிக் காயவைப்பது எல்லாம் முடிந்தாக வேண்டும். மண்டை சப்பையாகிப்போன கைக்குழந்தைகளுக்கு அமெரிக்காவில் போடுகிறார்களே ஒரு ஹெல்மெட், அதற்கான விதி இது. பேறுகாலம் பார்க்க நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் போகிற நம் அம்மாக்களில் சிலர் இதை நேரிலேயே பார்த்திருப்பார்கள். "ஏண்டி, பச்ச மண்ணு தலையில இதைப் போய் மாட்டி வச்சிருக்கீங்களே, பாவமா இல்லையா?" என்று மகளிடம் சண்டைக்கும் போயிருப்பார்கள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. நம் வீடுகளில் தலை சப்பையாக இருந்தால் எண்ணெய் தேய்த்து உருட்டிவிடுவார்கள், கடுகு நிரப்பிய தலையணையை அண்டக்கொடுப்பார்கள், 'வளர வளரச் சரியாயிடும்' என்பார்கள். இதில் கடைசி வார்த்தை பல குழந்தைகளுக்குப் பலித்தும் விடுகிறது. தலையணை விஷயம் வேறு. தலையை உருண்டையாக்கும் என்று விற்கிற குழந்தைத் தலையணைகளை வாங்க வேண்டாம், மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் எச்சரித்தது. கடுகோ பஞ்சோ, தூங்கும் கைக்குழந்தைக்குத் தலையணையே ஆகாது.

சரி, அமெரிக்காவில் ஏன் இவ்வளவு சப்பைத் தலைகள்? 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்காதீர்கள் என்றது. 1994-ல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கியது. தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. கூடவே பின்மண்டை தட்டையான குழந்தைகள் கூடினார்கள். பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல; ஒட்டாத தகடுகள், நடுவில் உச்சிக்குழி. தொட்டிலில், கார் சீட்டில், ஊஞ்சல் நாற்காலியில் என்று நாள் முழுக்க ஒரே இடம் அழுந்தினால் அந்த இடம் தட்டையாகும். ஆனால் மல்லாக்கத் தூங்கவைப்பது உயிர் காத்த ஏற்பாடு. தலை அழகுக்காக அதைக் கைவிடுவது பைத்தியக்காரத்தனம்.

ஒரு பக்கம் மட்டும் சப்பையாகும் குழந்தைகளில் பலருக்குக் கழுத்தில்தான் கோளாறு. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கும். அதனால் குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கும். மேலிருந்து பார்த்தால் சப்பையான பக்கத்துக் காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருப்பது தெரியும். அதே பக்கத்து நெற்றியும் புடைத்திருக்கும். இறுகிய கழுத்தைப் பிசியோதெரபியில் சரிசெய்யாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டுவது அரைகுறை வைத்தியம். அபூர்வமாக, மண்டையோட்டுத் தகடுகள் உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்வதாலும் தலை கோணலாகும். அதற்குத் தேவை அறுவை சிகிச்சை. காரணம் எது என்று குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஹெல்மெட் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஹெல்மெட் மண்டையை நெருக்கி வளைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பந்தலில் புடலங்காய் கோணாமல் இறங்க நுனியில் கல் கட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த உபாயம். இருக்கிற காயைக் கல் நிமிர்த்துவதில்லை. இனி வளரப்போவதை நேராக்குகிறது. முற்றிய காயில் கட்டிப் பலனில்லை. இந்த ஹெல்மெட்டும் புடைத்த இடத்தில் உரசி நின்று, சப்பையான இடத்தில் இடைவெளி விட்டு, தலை எந்தப் பக்கம் வளரலாம் என்று வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் தலைச்சுற்றளவு மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் போலக் கூடுகிறது. அடுத்த மூன்று மாதம் 1 சென்டிமீட்டர். அதன்பின் ஒரு வயது வரை அரை சென்டிமீட்டர். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

1979-ல் சியாட்டிலில் ஸ்டெர்லிங் கிளாரன் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதினார். 1998-ல் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது, 3 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு. இன்று கேமராவில் தலையை முப்பரிமாணமாகப் படமெடுத்து, அந்தத் தலைக்கென்றே பிளாஸ்டிக் ஓடும் உள்ளே நுரைப் பஞ்சுமாகச் செய்து தருகிறார்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. 5, 6 மாத வயதுள்ள 84 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஹெல்மெட் போட்டார்கள். மீதிப் பேரை அப்படியே வளரவிட்டார்கள். இரண்டு வயதில் அளந்தபோது இரு தரப்பிலும் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் முழுக்கச் சரியாகியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தலை மிக மோசமாகக் கோணிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 2016-ல் அமெரிக்க நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் வகுத்த வழிகாட்டுதல், படுக்கும் நிலையை மாற்றியும் பயிற்சி கொடுத்தும் சரியாகாத, நடுத்தர அல்லது கடுமையான கோணலுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. லேசான சப்பைக்கு ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுவது வீண். கடுமையான கோணலைப் பார்த்துக்கொண்டே 'முடி வளர்ந்தா மறைஞ்சிடும்' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் சரியல்ல.

போடுவது என்று முடிவானால் முதல் வாரம் முக்கியம். முதல் நாளே 23 மணி நேரமும் மாட்டிவிடக் கூடாது. கிளினிக்குக்குக் கிளினிக் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் நாள் ஒரு மணி நேரம் போடுவது, ஒரு மணி நேரம் கழற்றுவது. மறுநாள் இரண்டு மணி நேரம். அதற்கடுத்து நான்கு, எட்டு என்று கூட்டி, நாலைந்து நாளில் இரவுத் தூக்கமும் ஹெல்மெட்டோடுதான். குழந்தையின் மனசைப் பழக்குவதைவிடத் தோலைப் பழக்குவதற்குத்தான் இந்தப் படிகள். கழற்றும்போதெல்லாம் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிடரி, காதோரம், நெற்றி மூன்றையும் பாருங்கள். புடைத்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தடம் தெரியும். அது ஒரு மணி நேரத்துக்குள் மங்கி மறைந்தால் பயமில்லை. மறையவில்லை, தோல் உரிந்திருக்கிறது, கொப்புளம் தெரிகிறது என்றால் மறுபடி மாட்டாமல் அன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே கொஞ்சம் நுரையைச் செதுக்கினால் தீர்ந்துவிடும். அதை ஹெல்மெட் பொருத்துகிற ஆர்த்தோடிஸ்ட்தான் செய்ய வேண்டும். வீட்டுக் கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையில்லை.

அடுத்தது வியர்வை. கைக்குழந்தையின் உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலைதான். அதை மூடிவிட்டால் உடம்புச் சூடு வெளியேறும் வழி குறைகிறது. முதல் சில நாள் தலை தெப்பமாக நனையும். இரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும். அதுவரை ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஸ்வெட்டர், சாக்ஸ், போர்வை வேண்டாம். ஓரிரு மணி நேரத்துக்கொரு முறை கழற்றி, தலையையும் உட்புறத்தையும் காய்ந்த துண்டால் ஒற்றிவிட்டு உடனே மாட்டலாம். வேர்க்குரு வந்தாலும் பவுடர் தூவாதீர்கள்; தேங்காய் எண்ணெயும் கிரீமும் கூடாது. எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து உள்ளேயே ஊறிப்போகும். பாட்டிமார்களுக்கு இதுதான் பெரிய சோதனை. காய்ச்சல் வந்தால் இறங்கும் வரை கழற்றி வைப்பதுதான் வழக்கம்.

நாற்றம் வரும். வியர்வை ஊறிய நுரையில் புளித்த வாடை அடிக்காமல் இருக்காது. கிளினிக்கில் சொன்னபடி, ஸ்பிரிட் நனைத்த துணியாலோ குழந்தை ஷாம்பும் மென்மையான பிரஷுமாகவோ தினமும் உட்புறத்தைத் தேய்த்து, ஃபேன் காற்றில் காயவையுங்கள். வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் ஓடு நெளிந்துவிடலாம். ஸ்பிரிட் வாடை முழுக்கப் போன பிறகுதான் தலைக்கு ஏற வேண்டும். பக்கவாட்டுப் பட்டையை எந்த அளவுக்கு இழுப்பது என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அப்பா போட்டாலும் பாட்டி போட்டாலும் இறுக்கம் ஒன்றாகவே இருக்கும்.

குழந்தைகள் பெரும்பாலும் சில நாளில் அதை மறந்துவிடுகின்றன. கஷ்டம் தாய்க்குத்தான். பால் கொடுக்கும்போது விளிம்பு முழங்கை மடிப்பில் குத்தும்; மடித்த துணி ஒன்றைக் கைமேல் போட்டுக்கொண்டால் தேவலை. தோளில் சாய்க்கும்போது காறை எலும்பில் 'டொக்' என்று இடிக்கும். நெதர்லாந்து ஆய்விலும் முக்கால்வாசிப் பெற்றோர் குழந்தையைக் கொஞ்ச முடியவில்லை என்றுதான் குறைப்பட்டார்கள். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை அவசர அவசரமாகக் கழிக்காதீர்கள். அம்மாவும் அப்பாவும் வீட்டிலிருக்கும் சாயங்காலத்தில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்டி, உச்சி முகர்ந்து, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். மொட்டையும் காதுகுத்தும் ஹெல்மெட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. திருஷ்டிப் பொட்டு கட்டாயம் வேண்டுமென்றால் ஓட்டின் மேலேயே வைத்துவிடலாம்.

வழக்கமாக மூன்று, நான்கு மாதத்தில் வேலை முடிகிறது. அதற்குள் 'இன்னிக்கு விருந்தாளி வர்றாங்க', 'பாவம், தூங்கட்டும்' என்று தினம் நாலைந்து மணி நேரம் கழற்றி வைத்தால் செலவு செய்ததற்கும் குழந்தையைப் படுத்தியதற்கும் அர்த்தமில்லாமல் போகும். 23 மணி நேரத்துக்கும் வீட்டில் எல்லோரும் ஒத்துழைப்பார்களா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள்; அளவு எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நம் ஊரில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகிறீர்கள். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், குழந்தையின் தலையை மேலிருந்து ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா என்றும் கேளுங்கள். அந்த வயதில் கண்டுபிடித்தால், விழித்திருக்கும்போது கண்ணெதிரே குப்புறப் படுக்க வைப்பது, தொட்டிலில் தலைமாட்டை மாற்றுவது, கழுத்துப் பயிற்சி என்று காசில்லாத வைத்தியத்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.