விண்மீனைத் தொடரும் தாங்கி

புவி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆவதால், மங்கலான விண்முகில்களைப் பல நிமிடம் படமெடுக்கும் தொலைநோக்கியை அதே வேகத்தில் எதிர்த்திசையில் திருப்பும் தாங்கியே பெரும்பாலும் படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. ஸ்கைவாட்சர் ஈக்யூ6 தாங்கியில், 180 பற்கள் கொண்ட சக்கரத்தை ஒரு திருகு ஏறத்தாழ 8 நிமிடத்துக்கு ஒரு பல் வீதம் நகர்த்துகிறது. அத்திருகின் நுண்ணிய கடைசல் குறை ஒவ்வொரு சுற்றிலும் மீள்வதால் அது சுழற்சிப் பிழை எனப்படுகிறது.

மோட்டாருக்கும் திருகுக்கும் இடையிலுள்ள சிறு பல்சக்கரங்களை அகற்றிப் பல்வைத்த பெல்ட் பொருத்தினால் அவற்றின் அதிர்வும் தளர்வும் நீங்குமாயினும், திருகின் பிழை அப்படியே நிற்கும். அதற்கு, ஒரு விண்மீனை இடையறாது கவனித்துத் திருத்தம் அனுப்பும் வழிகாட்டிக் கேமராவே துணை. பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது இடுகையில் திருகைச் சக்கரத்தோடு அழுத்தி இறுக்குவது பெருந்தவறு. மயிரிழை இடைவெளியேனும் இல்லாவிடில், குளிரில் உலோகம் சுருங்கும்போது பற்கள் இறுகி மோட்டார் நின்றுவிடக்கூடும்.