நிறையும் கலோரியும்: ஓர் அளவையின் சமூக வரலாறு

உணவை நிறுத்து, அதன் கலோரியைக் கணக்கிட்டு உண்ணும் வழக்கம் இன்று நகர்ப்புற மத்தியதர வகுப்பினரிடையே காணப்படுகின்றது. இதனைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் நோக்குதல் போதாது. அளவைகள் யாவும் குறிப்பிட்ட சமூகத் தேவைகளினடியாகத் தோன்றியவை. கலோரியும் இதற்கு விலக்கன்று.

1890களில் ஐக்கிய அமெரிக்காவின் வேஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அற்வாற்றர், மனிதரை மூடிய அறையொன்றினுள் இருத்தி, அவர் உண்டவற்றையும் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். காபோவைதரேற்றும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என நாம் இன்று கொள்ளும் கணிப்பு அவரது ஆய்வுகளின் வழி வந்ததே. தொழிலாளர் குறைந்த செலவில் போதிய உணவைப் பெறுவது எவ்வாறு என்பது அவரது முக்கிய வினாக்களுள் ஒன்று. உழைப்புச் சக்தியை மீள உற்பத்தி செய்தற்கான செலவு பற்றிய கைத்தொழில் யுகத்தின் வினாவும் அதுவே எனலாம். 1918இல் வெளியான லூலூ ஹன்ற் பீற்றர்ஸின் நூல், அதே அலகை உடல் மெலிய விரும்பியோரின் உணவு மேசைக்குக் கொண்டுசென்றது.

எனினும் அளவையின் விஞ்ஞானப் பெறுமதியை நாம் மறுப்பதற்கில்லை. வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொணர்ந்த பின்னரே உணவை இடல் வேண்டும். சமைக்காத வெள்ளையரிசி 100 கிராம் ஏறத்தாழ 360 கலோரி தரும். அதே நிறையுள்ள சோறு ஏறத்தாழ 130 கலோரியே தரும். நீர் சேர்வதால் நிறை மிகுகின்றதேயன்றிச் சக்தி மிகுவதில்லை. எனவே சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக்குரிய அட்டவணையைப் பார்ப்போரின் கணக்கு இரு மடங்குக்கும் மேலாகப் பிழைக்கும். கண்மதிப்பில் ஊற்றப்படும் எண்ணெயும் அத்தகையதே: ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரியாகும்.

இனி எமது நாட்டை நோக்குவோம். 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு கொத்துக் கணக்கில் நடைபெற்றது. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அங்கு கொத்தின் அளவு மாறவில்லை. அதனைப் பெறும் மக்களின் ஆற்றலே தாக்கப்பட்டது. 1979இல் பங்கீட்டின் இடத்தைப் பிடித்த உணவு முத்திரைகள் பணப் பெறுமதியில் வழங்கப்பட்டன. விலைகள் ஏற ஏற, அவற்றால் வாங்கத்தக்க அரிசி குறைந்தது. 2022இல் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோதும் இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது.

தலைக்கு இத்தனை கலோரி என்னும் தேசிய சராசரி இவ்வேற்றுமைகளை மறைத்துவிடுகின்றது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கொழும்பின் வர்த்தகரும் அதில் ஒரே எண்ணாகின்றனர். குடும்பத்தினுள்ளும் இறுதியாக உண்பவருக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைச் சராசரி காட்டாது. ஆகவே உணவைச் சரியாக நிறுக்கக் கற்போம். அத்துடன், யாருடைய தட்டு நிறுக்கப்படவேயில்லை என்ற வினாவையும் எமது ஆய்வுகளில் எழுப்புவோம்.