உங்களுக்குத் தெரியுமா? மலைக்கு ஒரு தகரம், கடலுக்கு ஒரு தகரம்

மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியபோது மலைக்கு வண்டிப்பாதையே கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து எல்லாமே தலைச்சுமையாகத்தான் மேலே வந்தது. ஓடும் தகரமும் அதற்குப் பிறகுதான் வந்தன. ஆனால் மோட்டார் ரோடு போடும்வரை சுமந்தவர்களின் கழுத்து அதே கழுத்துதான். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு மங்களூர் ஓடு என்றால் ஏறக்குறைய 40 கிலோ. அரை மில்லிமீட்டர் தகரம் என்றால் 4 கிலோ சொச்சம். கருங்கல் மலையிலேயே கிடைத்தது, கூரை கீழேயிருந்து வர வேண்டியிருந்தது. பழைய பங்களாக்களில் கோட்டை மாதிரி சுவரும் அதன்மேல் மெல்லிய தகரமும் இருப்பதற்கு இந்த எடைக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

*

நெளி தகரத்துக்கு 1829-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர், லண்டன் கப்பல்துறையின் பொறியாளர். தட்டைத் தகடு இரண்டு கையில் பிடித்தாலே தொய்ந்துவிடும். நெளித்துவிட்டால் ஆள் ஏறி நிற்கலாம். துருவைத் தடுக்க அதைத் துத்தநாகக் குழம்பில் முக்கி எடுக்கும் முறைக்கு பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் 1837-இல் காப்புரிமை பெற்றார். நம்மூர் ஹார்டுவேர் கடையில் இன்றும் ‘ஜிங்க் ஷீட்’ என்று கேட்டு வாங்குவது அந்தச் சரக்கைத்தான்.

*

மழையே இல்லாத ராத்திரியில் கூரை சொட்டுமா? கொடைக்கானலில் சொட்டும்.

மார்கழி, தை மாதங்களில் ஷீட் போடும் மேஸ்திரிகளுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “மழையே பெய்யலண்ணே, விடிஞ்சு பாத்தா கட்டிலெல்லாம் ஈரம். ஓட்டை எங்கன்னு பாருங்க.” மேஸ்திரி ஏறிப் பார்த்தால் ஓட்டை இருக்காது. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. காற்று 10 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.4 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் அது பனித்துளியாகப் படியும். தகரம் இரண்டே டிகிரி குளிர்ந்தால் போதும். இதோடு நான்கு பேர் மூச்சு, அடுப்பில் கொதிக்கும் வெந்நீர், மூலையில் காயப்போட்ட ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். துளிகள் நெளிவின் அடிப்பக்கமாக வழிந்து ஒரு ஸ்க்ரூ முனையில் கூடிச் சொட்டும். ஓட்டை என்று எல்லோரும் நினைப்பது அந்த இடத்தைத்தான்.

பங்களா கட்டியவர்கள் தகரத்துக்குக் கீழே மரப்பலகை அடித்து, இடையில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டார்கள். அழகுக்கென்று நாம் நினைக்கும் பலகைக்குச் சொட்டு ஈரத்தைத் தடுக்கும் வேலையும் உண்டு. இப்போது அதே வேலைக்குப் பஃப் பேனல் வந்திருக்கிறது: இரண்டு தகட்டுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை. காசு கூடுதல்தான். காசு இல்லாதவர் முகட்டிலும் இறவாணத்திலும் காற்று போய்வர வழி விட்டாலே பாதிச் சொட்டு குறையும். கல்நார் ஷீட் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அவ்வளவு சீக்கிரம் சொட்டாது. ஆனால் அதை அறுத்தாலோ உடைத்தாலோ நார்த்தூள் நுரையீரலுக்குள் போகும். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

*

கடையில் எல்லோரும் எத்தனை எம்.எம். என்று கேட்கிறார்கள். எத்தனை ஜி.எஸ்.எம். என்று கேட்பவர் குறைவு. எம்.எம். என்பது தகட்டின் கனம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டரில், இரண்டு பக்கமும் சேர்த்து, எத்தனை கிராம் பூச்சு இருக்கிறது என்பது. ஆயுளைத் தீர்மானிப்பதில் இரண்டாவதுக்குத்தான் பங்கு அதிகம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 277-இல் 120, 180, 275 எனப் பல வகுப்புகள் உண்டு. 275 என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான் துத்தநாகம். 120 என்றால் 8 மைக்ரான் சொச்சம். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லாத பூச்சை நம்பித்தான் வீடு நிற்கிறது!

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 0.50 என்று சொன்னால் அது பூச்சும் பெயிண்டும் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா? இரண்டுக்கும் விலை ஒன்றல்ல.

*

அந்த 19 மைக்ரான் எத்தனை வருஷம் தாங்கும்? ஊரைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். காற்றின் அரிக்கும் குணத்தை உலகத்தர வரிசை ஒன்று வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. உப்பும் ஆலைப்புகையும் இல்லாத சுத்தமான காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 மைக்ரானுக்கு மேல் கரையாது. அங்கே 25 வருஷத்துக்குக் குறையாமல் ஓடும். ஈரம் ஏற ஏறக் கணக்கு சுருங்கும். கடும் கடற்கரைக் காற்றில் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் போய்விடும். அதே ஷீட், அதே கடை, அதே பில். ஆனால் ஐந்து வருஷம் தாண்டாது.

இதை அளந்து பார்க்க நம்மிடமே ஆள் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி என்றால் காரைக்குடியில் எல்லோருக்கும் தெரியும்) ராமேசுவரம் போகும் வழியில் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. கடலோரமாக உலோகத் துண்டுகளைச் சட்டத்தில் மாட்டி வைத்து, எது எத்தனை மாதத்தில் எவ்வளவு தேய்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். நாட்டின் வெவ்வேறு ஊர்களுக்கான அரிப்பு வரைபடமும் இவர்கள் போட்டதுதான். மண்டபத்தில் வீடு கட்டும் மருமகனுக்கு மலையில் இருக்கும் மாமனார் “நம்ம வீட்டுல போட்டதையே போடுங்க மாப்ள” என்று யோசனை சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அலுமினிய ஷீட் விலையை விசாரிப்பது நல்லது.

*

1972-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி ‘கால்வல்யூம்’ என்ற பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், மீதி சிலிக்கான். திறந்த வெளியில் இது வெறும் துத்தநாகத்தைவிடப் பல மடங்கு உழைக்கும். பழனி மலையிலும் அடிவாரத்திலும் இன்று ஏறும் கலர் ஷீட்டுகளில் பல இந்த வகைதான். 150 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்ல சரக்கு.

ஆனால் மாட்டுத் தொழுவத்துக்கும் கோழிக் கொட்டகைக்கும் இது ஆகாது. சாணமும் கோழி எச்சமும் விடும் அம்மோனியா அலுமினியத்தைத் தின்னும். ஈரச் சிமெண்டின் காரமும் அப்படித்தான். சுவர் பூசும்போது ஷீட்டில் தெறித்த கலவையை அன்றைக்கே கழுவாவிட்டால் அந்த இடம் கறுத்துப் பொரிந்துவிடும்.

*

அடிவாரத்து வத்தலக்குண்டில் வெள்ளி மாதிரிப் பளபளத்த புது ஷீட், மலைமேலே கட்டு பிரித்ததும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். லாரி மஞ்சுக்குள் ஏறிய வழியில் கட்டின் இடுக்கில் ஈரம் புகுந்து, காற்றுப் படாமல் தங்கி உண்டான வெள்ளைத் துரு அது. இறக்கியவுடன் கட்டைப் பிரித்துச் சாய்வாக நிறுத்திக் காற்றாட விட்டால் போதும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவதுதான் வினை.

*

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். கொடைக்கானல் 2,133 மீட்டர். குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உங்கள் வீட்டுச் சிவப்புக் கூரை அடிவாரத்துக் கூரையைவிடக் கூடுதலான கதிரை வாங்குகிறது. சாதாரண பாலியஸ்டர் பெயிண்ட் நாளடைவில் தடவினால் கையில் மாவாக ஒட்டும். பி.வி.டி.எஃப். என்ற வகை அதைவிட நெடுநாள் நிறம் காக்கும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

*

காலை எட்டு மணிக்குக் கூரையில் ‘டொக், டொக்’ என்று கேட்பது எப்போதும் குரங்கல்ல. (கொடைக்கானலில் பல நேரம் குரங்குதான்.) விடியலில் 5 டிகிரியில் இருந்த தகரம் நடுப்பகல் வெயிலில் 50 தொட்டால், 6 மீட்டர் நீள இரும்பு ஷீட் 3 மில்லிமீட்டருக்குமேல் நீளும். அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு நீளும். தினம் தினம் இழுபட்டு ஸ்க்ரூ ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். நீளமான கூரைக்கு அலுமினியம் போடுகிறவர்கள் ஓட்டையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகல வாஷர் வைப்பது இதற்காகத்தான்.

*

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே போனது. கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. புயல்காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பது அரிது. அது உறிஞ்சித் தூக்கும். தூக்குவது முதலில் ஓரங்களையும் மூலைகளையும்தான். நடுவில் எந்த இடைவெளியில் ஸ்க்ரூ அடித்தாலும், ஓரத்தில் நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள். இலங்கை மலையகத்துத் தோட்ட லயன் வீடுகளில் தகரத்தின்மேல் கல்லும் பழைய டயரும் கிடப்பதும் இதே பயத்தால்தான். அங்கே ஆணி பிடிக்காத அளவுக்கு மரச்சட்டம் பழசாகிப் போன வீடுகள் நிறைய.

*

ஸ்க்ரூவை மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா? பள்ளத்தில் அடித்தால் பிடி உறுதி. ஆனால் தண்ணீர் ஓடுவது அந்த வழியாகத்தான். நெளி தகரத்துக்கு மேடுதான் வழக்கம். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும்வரை முறுக்கினால் போதும். அசுர பலத்தில் முறுக்கினால் ரப்பர் கிழிந்து அங்கேயே ஒழுகும்.

துளை போட்ட இரும்புத்தூளை அன்று மாலையே துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் மறுநாள் மஞ்சிலேயே கூரை முழுக்கச் செம்புள்ளி விழுந்திருக்கும்.

*

பைன் ஊசியும் யூகலிப்டஸ் இலையும் கூரைப் பள்ளத்திலும் வாரியிலும் தேங்கினால் அந்த இடம் நாள்கணக்கில் காயாது. ஷீட் முதலில் ஓட்டையாவது அங்கேதான். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை வழித்துப் போட்டால் போதும். இடிதாங்கியின் செம்புக் கம்பியைத் தகரத்தில் படாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். செம்பின் மேல் வழிந்த தண்ணீர் பட்டாலே துத்தநாகம் வேகமாகக் கரையும்.

*

புது ஜிங்க் ஷீட்டுக்கு உடனே எனாமல் பெயிண்ட் அடித்தால் இரண்டு மழையில் வெயிலில் உரியும் தோல் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வரும். பெயிண்டர் மேல் பழி போடுவார்கள். எனாமலில் உள்ள எண்ணெயும் ஈரம் பட்ட துத்தநாகமும் சேர்ந்து இடையில் ஒரு சோப்புப் படலம் உண்டாவதுதான் காரணம். துத்தநாகத்துக்கென்றே விற்கும் பிரைமரை முதலில் அடித்து, அதன்மேல் எனாமல் அடிக்கலாம். இல்லையென்றால் ஷீட்டின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காயவிட்டு, ஜிங்க் தகட்டுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் தண்ணீர் அக்ரிலிக்கை அடிக்கலாம். கொடைக்கானலில் அந்தக் ‘காயவிட்டு’ என்ற இடத்துக்குத்தான் பங்குனி, சித்திரை வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.