பணியிடச் சிற்றுண்டியும் தானியங்கி விற்பனை இயந்திரமும்

பணியிடச் சிற்றுண்டி என்பது வேலை நேரத்தின் இடையே தொழிலாளர்களும் அலுவலர்களும் உண்ணும் சிறு உணவையும் குடிக்கும் பானங்களையும் குறிக்கும். பெரிய அலுவலகங்களில் இது உணவகம் வழியாகவோ தானியங்கி விற்பனை இயந்திரம் வழியாகவோ கிடைக்கிறது. சிறிய தொழிற்கூடங்களில் அருகிலுள்ள டீக்கடையே அந்த இடத்தை நிரப்புகிறது. இவ்விடங்களில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு குறைந்த, ஊட்டம் மிகுந்த பொருள்களைக் கிடைக்கச் செய்வது உலக அளவில் பொதுநல நடவடிக்கையாகக் கருதப்படுகிறது. தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களுக்கு இந்த நடவடிக்கை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சங்கரன்கோவிலும் விசைத்தறியும்

சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்படும் சங்கரன்கோவில், 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. பூச்சந்தையும் விசைத்தறியும் இவ்வூர் மக்களின் முக்கிய வாழ்வாதாரங்கள். பருத்தித் துணி நெய்யும் தறிக்கூடங்கள் நகரின் தெருக்களிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ளன. இவற்றில் பல, வீட்டை ஒட்டியோ சிறு கொட்டகையிலோ சில தறிகளை மட்டும் வைத்து நடத்தப்படுபவை.

விசைத்தறியில் கூலி பெரும்பாலும் நெய்த துணியின் அளவைப் பொறுத்தது. தறி நின்றால் வருமானமும் நிற்கும். இதனால் தொழிலாளி தறியை விட்டு நெடுநேரம் விலகி உண்பது அரிது. அறுந்த இழையை முடிவதற்கும் தார் மாற்றுவதற்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் தூக்கிலோ பிளாஸ்கிலோ வந்த தேநீரும், கூடவே ஒரு வடை அல்லது பன் அல்லது பிஸ்கட்டும் உள்ளே போகும். இரவுப் பணியில் உறக்கத்தை விரட்டவும் தேநீரே துணை. இந்தப் பழக்கம் உருவானதற்குக் காரணம் தொழிலாளியின் விருப்பம் மட்டுமன்று. வேலை அமைந்திருக்கும் விதமும் கையெட்டும் தூரத்தில் கிடைப்பதுமே அதைத் தீர்மானிக்கின்றன.

உடல்நலப் பின்னணி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது, மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. இது நாட்டின் சராசரியான 11.4 விழுக்காட்டைவிட அதிகம்.

உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார அமைப்பு 2015-இல் பரிந்துரைத்தது. 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று கொண்டால் மூன்று தேநீரிலேயே இந்த அளவு முடிந்துவிடும். ஐந்து தேநீர் குடிப்பவர் வேறு இனிப்பு எதுவும் உண்ணாமலே 40 கிராமை எட்டுகிறார். வழக்கமான கோலா வகைப் பானம் 300 மில்லி லிட்டரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு.

தேநீருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதிலுள்ள டேனின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. எனவே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர், காபி தவிர்க்கப்பட வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரத்தசோகை பரவலாக உள்ள பெண் தொழிலாளர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

பொரித்த பண்டங்களில் சிக்கல் எண்ணெயில்தான் அதிகம். ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அதில் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதும் அந்த ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதியல் விதிகளின்படி தடை செய்யப்பட்டதாகும். அச்சு மை உணவில் கலக்கும் என்பதே காரணம்.

தானியங்கி விற்பனை இயந்திரம்

நாணயம் போட்டால் பொருள் தரும் கருவி பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் ஈரோன் என்பவருடையது. அவர் விவரித்த கருவி கோயிலில் புனித நீர் வழங்கியது. நாணயம் ஒரு தட்டில் விழுந்து அதைச் சாய்க்க, அடைப்பு திறந்து நீர் வரும். நாணயம் சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். தற்கால இயந்திரங்கள் 1880-களில் இலண்டனில் அஞ்சலட்டை விற்பனையுடன் தொடங்கின. 1888-இல் நியூயார்க் தொடர்வண்டி நிலைய மேடைகளில் மெல்லும் கோந்து விற்கும் இயந்திரங்கள் வந்தன.

இன்று பணியிடங்களில் இரு வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஒன்று, பொட்டலங்களையும் புட்டிகளையும் திருகுச் சுருளில் வரிசையாக வைத்து, தேர்ந்தெடுத்ததைத் தள்ளிவிடும் இயந்திரம். மற்றொன்று, கலவைப் பொடியை வெந்நீரில் கலந்து தேநீரோ காபியோ ஊற்றும் இயந்திரம். இந்தியாவில் கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் பரவியபின், சில்லறைத் தட்டுப்பாடு என்னும் பழைய தடை பெருமளவு நீங்கியது.

இவ்வியந்திரங்களில் நெடுநாள் கெடாத பொருள்களே எளிதில் இடம்பெறும். சிப்ஸ், இனிப்பு பிஸ்கட், மிட்டாய், குளிர்பானம் ஆகியவை மாதக்கணக்கில் கெடுவதில்லை. சுண்டலும் மோரும் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. தேநீர்க் கலவைப் பொடிகள் பலவற்றில் சர்க்கரை முன்பே சேர்க்கப்பட்டிருப்பதால், குடிப்பவர் அதைக் குறைத்துக் கேட்க வழியில்லை. இந்த வகையில் ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லி வாங்கக்கூடிய டீக்கடை, இயந்திரத்தைவிட மேலானது.

ஆய்வுகள் காட்டுவன

அமெரிக்காவின் மினசோட்டாவில் 12 பள்ளிகளிலும் 12 பணியிடங்களிலும் இருந்த 55 இயந்திரங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. கொழுப்பு குறைந்த பண்டங்களின் விலையை 10 விழுக்காடு குறைத்தபோது அவற்றின் விற்பனை 9 விழுக்காடும், 25 விழுக்காடு குறைத்தபோது 39 விழுக்காடும், பாதியாகக் குறைத்தபோது 93 விழுக்காடும் உயர்ந்தது. இயந்திரங்களின் சராசரி இலாபம் பாதிக்கப்படவில்லை. கொழுப்பு குறைவு என்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடாது என்ற தெளிவு பின்னர் ஏற்பட்டாலும், விலை தேர்வை மாற்றும் என்ற முடிவு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2015-இல் தன் வளாகத்தில் சர்க்கரைப் பானங்களின் விற்பனையை நிறுத்தியது. ஊழியர்கள் வெளியிலிருந்து அவற்றைக் கொண்டுவரத் தடையில்லை. அப்பானங்களை மிகுதியாகக் குடித்துவந்த ஊழியர்களைப் பத்து மாதங்களுக்குப் பின் அளந்தபோது, அவர்கள் குடிக்கும் அளவு ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. இடுப்புச் சுற்றளவும் சராசரியாக 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எளிதில் கைக்கு எட்டாதபோது பழக்கம் தானே தளர்கிறது என்பதை இது காட்டுகிறது.

சட்ட நிலை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இத்துறையில் சில கடமைகளை வகுத்தது.

• எல்லாத் தொழிற்சாலைகளிலும் போதிய குடிநீர்; 250 பேருக்கு மேல் இருந்தால் கோடையில் குளிர்ந்த நீர்.
• ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், குறைந்தது அரை மணி நேர ஓய்வு.
• 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் உணவருந்தும் அறையும்.
• 250 பேருக்கு மேல் இருந்தால் உணவகம். அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களுக்கும் இடம்.

2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, உணவகத்துக்கான வரம்பை 100 தொழிலாளர் என்று குறைத்தது. எனினும் நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் தறிக்கூடம் எந்த வரம்புக்குள்ளும் வருவதில்லை. 1948-ஆம் ஆண்டின் சட்டம் மின்விசையுடன் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்ளவே பொதுவாகப் பத்துப் பேர் வேண்டியிருந்தது. ஆகவே உணவகம், ஓய்வறை போன்ற ஏற்பாடுகள் பெரிய ஆலைகளின் தொழிலாளர்களுக்குக் கிடைக்க, விசைத்தறி ஊர்களின் பெரும்பகுதித் தொழிலாளர்கள் அவற்றுக்கு வெளியே நிற்கின்றனர்.

பணியிடங்களில் நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்யும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கியது. நோயைக் கண்டறிவது முதற்படி. கண்டறிந்தபின் மருத்துவர் சொல்லும் உணவு மாற்றத்தைத் தொழிலாளி எங்கே கடைப்பிடிப்பார் என்பதைப் பணியிடமே முடிவு செய்கிறது.

ஏற்ற உணவுகளும் பானங்களும்

தென்மாவட்டங்களில் வழக்கிலுள்ள பல பண்டங்கள் இந்நோக்கத்துக்குப் பொருந்துவன.

• சுண்டல்: வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 8 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் உள்ளன. பசி நெடுநேரம் தாங்கும்.
• அவித்த அல்லது வறுத்த நிலக்கடலை: வறுத்ததில் 30 கிராமுக்குச் சுமார் 7 கிராம் புரதம் உண்டு. ஆற்றல் மிகுந்தது என்பதால் ஒரு கைப்பிடி போதும். வறுத்ததைக் காற்றுப்புகாமல் அடைத்தால் இயந்திரத்திலும் வைக்கலாம்.
• பொரிகடலை: விலை குறைந்தது, பொரிக்காதது, பல வாரம் கெடாது.
• வாழைப்பழம்: உரிக்கும் வரை தூய்மையாக இருக்கும், தனிப் பொதியல் தேவையில்லை.
• நீர்மோர்: சர்க்கரை சேராதது. வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு ஈடு செய்யும். உப்பு மிதமாக இருத்தல் வேண்டும்.
• கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ்: காலைப் பணிக்கு ஏற்றவை.
• எலுமிச்சைச் சாறு: அருகிலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. சர்க்கரையின்றி உப்புடன் அருந்துவது நன்று.
• சுக்கு நீர்: இரவுப் பணியில் தேநீரின் எண்ணிக்கையைக் குறைக்க உதவும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலையின் புரதம் இதில் உண்டு. கெடாமல் இருப்பதால் இயந்திர விற்பனைக்கும் ஏற்றது. ஆனால் வெல்லமும் சர்க்கரைதான். கருப்பட்டிக்கும் இது பொருந்தும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக இவற்றைச் சேர்த்தால் நீரிழிவு உள்ளவர் அளவின்றி உண்ணலாம் என்ற எண்ணம் தவறானது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

சிறு கூடங்களில் செயற்படுத்துதல்

நான்கு பேர் வேலை செய்யும் கூடத்தில் விற்பனை இயந்திரம் நிறுவுவது பொருளாதார அளவில் இயலாது. பஞ்சுத் தூசும் அதிர்வும் இயந்திரத்துக்கு உகந்தவையும் அல்ல. ஆனால் அதன் அடிப்படைக் கருத்தான ‘நல்லதைக் கையெட்டும் தூரத்தில் வைத்தல்’ என்பதைச் செலவின்றிப் பின்பற்ற முடியும்.

முதலாவது, தண்ணீர். மூடிய பானையோ சுத்திகரிப்பானோ தறிக்கு அருகில் இருக்க வேண்டும். இழை அறாமலிருக்க நெசவுக்கூடத்தில் ஈரப்பதம் தேவைப்படுகிறது. வெப்பமும் ஈரமும் சேரும்போது வியர்வை ஆறாது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கோடையில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிப்பது அவசியம்.

இரண்டாவது, டீக்கடையுடன் ஏற்பாடு. ஒரு தெருவிலுள்ள பல கூடங்களுக்கும் ஒரே கடையிலிருந்து தேநீர் வருவது வழக்கம். கூட உரிமையாளர்கள் சேர்ந்து, சர்க்கரையைத் தனியே அனுப்பும்படியும், வடையுடன் சுண்டலையும் நீர்மோரையும் கொண்டுவரும்படியும் கேட்டால், கடைக்காரருக்கு உறுதியான வாடிக்கை கிடைக்கும். சுண்டலின் விலை வடையின் விலையைத் தாண்டாதிருப்பது இதில் முக்கியம். மினசோட்டா ஆய்வு உணர்த்துவதும் இதையே.

மூன்றாவது, பொது இடங்கள். நூல் கடைகள், கூட்டுறவுச் சங்கங்கள், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் இயந்திரம் நிறுவ வாய்ப்புண்டு. விற்பவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் குவளை, பை போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளதால், கண்ணாடி அல்லது எவர்சில்வர் குவளையே ஏற்றது.

தடைகள்

மலிவும் சுவையும் பழக்கமும் எண்ணெய்ப் பண்டங்களின் பக்கம் உள்ளன. சுண்டல் மாலைக்குள் விற்காவிட்டால் கடைக்காரருக்கு இழப்பு. ஆகவே முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி வாங்குவது நல்லது. தொழிலாளர்களைக் கேட்காமல் ‘இனி வடை கிடையாது’ என்று முதலாளி அறிவிப்பது எதிர்ப்பையே வளர்க்கும். பழைய பண்டங்களை நீக்குவதைவிடப் புதியவற்றைச் சேர்த்து, அவற்றை முன்னால் வைப்பது நீடித்து நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக உள்ளது நேரம். நெய்த அளவுக்கே கூலி என்றிருக்கும் வரை, உட்கார்ந்து உண்ணும் பத்து நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்தே போகிறது. நல்ல சிற்றுண்டியைத் தறியருகே கொண்டுவருவதோடு, அதை உண்ணும் இடைவேளைக்கும் கூலியில் இடம் தந்தால்தான் இந்த ஏற்பாடு முழுப்பயன் தரும்.