ஒலிப்பதிவு செய்யும் வானொலிப் பெட்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் மானாவாரிக் கரிசல் நிலம் மிகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, சோளம், உளுந்து ஆகிய பயிர்கள் சாகுபடி செய்யப்படுகின்றன. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களில் ஒருவரோ இருவரோ பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ அச்சகத்துக்கோ வேலைக்குச் செல்வதும் இப்பகுதியில் வழக்கம். காலையில் வேன் ஏறினால் பொழுது சாயும் வேளையில்தான் வீடு திரும்புகின்றனர். பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கொண்டு செல்ல அனுமதி இல்லை. வானொலியில் வேளாண் நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நேரத்தில் ஒருவர் வேனில் இருப்பார். மற்றவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். ஆகவே, நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது கேட்கும் வசதி இப்பகுதி உழவர்களுக்கு மிகவும் ஏற்றது. அத்தகைய பெட்டியை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு முறை கேட்டால் போதாதா?

பொதுச் செய்திக்குப் போதும். அளவுகளுக்குப் போதாது. எடுத்துக்காட்டாக, மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இப்புழு, அதே ஆண்டில் தமிழக மக்காச்சோள வயல்களுக்கும் பரவியது. இதற்குப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளுள் ஒன்றான எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. குருணை மருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் என்ற அளவில் கலக்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளும் தெளிப்பான் டேங்குக்கு 4 கிராம் ஆகிறது. வானொலியில் பேசுபவர் இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது, '4 கிராம்' என்பது மட்டும் காதில் நின்றுவிட்டால் லிட்டருக்கு 4 கிராம் என்று கலந்துவிட நேரும். அது பத்து மடங்கு. காசும் வீண், தெளிப்பவர் உடலுக்கும் கேடு. விதையைக் கடினப்படுத்தும் 2 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 20 கிராம் என்று கணக்கிடுவதிலும் இத்தகைய தடுமாற்றம் உண்டு. பதிவு கையில் இருந்தால், மருந்தை அளக்கும் முன் அந்த இடத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளலாம். மருந்துக் கடையில் வேறு அளவு சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

வானொலியின் வழியே உழவர்கள் தொழில்நுட்பத்தைக் கற்றது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1960-களின் நடுப்பகுதியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு அதற்குப் பெருந்துணையாக இருந்தது. உழவர்கள் அந்த இரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டனர். அதற்கும் முன்னர் 1956-இல் யுனெஸ்கோ உதவியுடன் புனே பகுதியில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் ஓரிடத்தில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். பெட்டியை நிறுத்திய பின் கேட்டதைப் பற்றி விவாதித்தனர். அம்முயற்சியில் பயன் தந்தது கேட்டதைவிட விவாதித்ததே என்பது எம் கருத்து. அன்று ஒலிபரப்பு நேரத்துக்கு ஊர் கூட வேண்டியிருந்தது. இன்று பதிவு இருந்தால் ஊர் கூடும் நேரத்தில் ஒலிபரப்பை வைத்துக்கொள்ளலாம்.

'டிஜிட்டல்' என்ற சொல்லில் உள்ள குழப்பம்

கடைகளில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று மூன்று வேறு பொருள்களில் சொல்கின்றனர். நிலையத்தின் அலைவரிசை எண் சிறு திரையில் ஒளிரும் பெட்டி ஒரு வகை. டி.ஆர்.எம். என்னும் புதிய முறையில் வரும் ஒலிபரப்பை வாங்கும் பெட்டி மற்றொரு வகை. இதற்குத் தனிப்பட்ட கருவி தேவை, விலையும் அதிகம். நமக்கு வேண்டியது மூன்றாவது வகை. சாதாரண பண்பலை, மத்திய அலை ஒலிபரப்பை வாங்கி, அதை எண்களாக மாற்றி மெமரி கார்டில் சேமித்து, வேண்டும்போது திரும்ப ஒலிக்கும் பெட்டி இது. முன்பு 'டூ இன் ஒன்' பெட்டியில் நாடாவைப் போட்டுப் பதிவு செய்ததை இப்போது விரல் நகமளவு கார்டு செய்கிறது.

இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பண்பலை பாடும். பென் டிரைவில் உள்ள பாட்டும் பாடும். ஆனால் பதிவு செய்யும் வசதி இராது. வேறு சிலவற்றில் பதிவுப் பொத்தான் இருந்தாலும், முகப்பில் உள்ள மைக் மட்டுமே பதிவு செய்யும். வானொலி ஒலியை அந்த மைக் வழியாகப் பதிந்தால் கோழி கூவுவதும் குழந்தை அழுவதும் சேர்ந்தே பதிவாகும். எனவே 'வானொலியிலிருந்து நேரடியாகப் பதியுமா?' என்று கடைக்காரரைக் கேட்பதோடு நில்லாமல், ஒரு நிலையத்தை வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, பெட்டியின் அருகில் ஒரு நிமிடம் உரக்கப் பேசிப் பாருங்கள். திரும்பக் கேட்கும்போது உங்கள் குரல் இல்லாமல் வானொலி மட்டும் கேட்டால் அது நேரடிப் பதிவு.

வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள பட்டன் கைப்பேசியை ஒரு முறை சோதிப்பது நல்லது. பல பட்டன் கைப்பேசிகளில் பண்பலை வானொலியும், அதைப் பதியும் வசதியும், சிலவற்றில் குறித்த நேரத்தில் தானே பதியும் வசதியும் உள்ளன. கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என மத்திய அரசு 2023-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. இருக்கும் கருவியே போதுமென்றால் புதிதாகச் செலவு செய்வானேன்? பெரிய திரைக் கைப்பேசியில் இணையம் வழியாகவும் வானொலி கேட்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசி பெரும்பாலும் வேலைக்குச் செல்பவருடன் சென்று, ஆலை வாசலில் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நிலையம் தெளிவாகக் கிடைக்கிறதா?

பெட்டியை வாங்கியதும் உங்கள் வீட்டிலும் காட்டிலும் வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கோடைப் பண்பலை (100.5 மெகாஹெர்ட்ஸ்) மலை உச்சியிலிருந்து வருவதால் சமவெளிக் கரிசல் காட்டில் நெடுந்தூரம் எட்டுகிறது. மலையடிவார ஊர்களில் சில இடங்கள் மலையின் மறைவில் விழுந்துவிடும். அங்கே இழுப்பு ஏரியலின் நுனியில் இரண்டு மூன்று மீட்டர் கம்பியைச் சுற்றிச் சன்னல் வழியாக வெளியே விட்டால் பலன் தரும். இடி மின்னல் வரும்போது இக்கம்பியைக் கழற்றிவிடல் வேண்டும்.

மத்திய அலைக்கு இழுப்பு ஏரியல் உதவாது. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டுதான் அலையை வாங்குகிறது. பெட்டியைக் கிடைமட்டமாகச் சிறிது சிறிதாகத் திருப்பினால் ஏதோ ஒரு திசையில் ஒலி தெளியும். அந்தத் திசையிலேயே வைத்துப் பதிவு செய்க. மற்றொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. திருச்சி வானொலி நெடுங்காலம் ஒலித்த 936 என்ற எண்ணை 9-ஆல் வகுத்துப் பார்த்தால் மீதி வராது. அமெரிக்க முறையில் செய்த பெட்டிகள் 10, 10-ஆகத் தாவும். 930-க்கும் 940-க்கும் இடையே நம் நிலையம் சிக்காது. எண் திரை உள்ள பெட்டியானால் 9-க்கு மாற்றும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குக. அண்மை ஆண்டுகளில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுவிட்டதால், பண்பலை தெளிவாகக் கிடைக்கும் ஊர்க்காரர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சிற்றலை உழவருக்குத் தேவையே இல்லை.

பதிவு செய்யும் பெட்டிகளுக்கே உரிய ஒரு குறையும் உண்டு. உள்ளே இருக்கும் எண்முறைச் சுற்றுகள் எழுப்பும் மின் இரைச்சல் மத்திய அலையில் கலந்துவிடும். சும்மா கேட்கும்போது நன்றாக இருக்கும். பதிவுப் பொத்தானை அழுத்தியவுடன் 'கொர்' என்ற ஒலி எழும். கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். சார்ஜர் செருகிய நிலையிலும், அருகில் எல்.இ.டி. விளக்கு எரியும்போதும் இரைச்சல் கூடும். ஆகவே பதிவு செய்கையில் மின்கலத்தில் இயக்குவதே சிறந்தது.

நேரம் குறித்துப் பதியும் வசதி

எம்மைக் கேட்டால், மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்போம். குறித்த நேரத்தில் பெட்டி தானே உயிர்பெற்று, குறித்த நிலையத்தைப் பிடித்து, அரை மணி நேரம் பதிந்து, தானே அணைய வேண்டும். இவ்வசதி இல்லையென்றால் பொத்தானை அழுத்த ஓர் ஆள் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு அவரே நேரில் கேட்டுவிடலாம். பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்கவும். மின்கலத்தைக் கழற்றினால் பல பெட்டிகளில் கடிகாரம் பூச்சியத்துக்குப் போய்விடும். அன்றைய பதிவும் போய்விடும். பதிவின் நடுவில் மின்கலம் தீர்ந்தால், அதுவரை பதிந்ததும் கோப்பாகச் சேராமல் அழிவது உண்டு.

எம்.பி.3 முறையில் 128 கிலோபிட் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் பிடிக்கும். 32 ஜிகாபைட் கார்டில் 550 மணி நேரம் அடங்கும். நாளும் அரை மணி என்றால் மூன்று ஆண்டுகள். பேச்சுக்கு 64 கிலோபிட்டே போதுமானது. சுருக்காத 'வேவ்' முறையில் மட்டும் பதியும் பெட்டியில் அதே கார்டு ஏறத்தாழ 50 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகளைப் பல எளிய பெட்டிகள் படிப்பதில்லை. பெரிய கார்டு வாங்கி ஏமாற வேண்டாம்.

திரும்பக் கேட்பதில் இரண்டு வசதிகள் முக்கியம். ஒன்று, நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்வது. மற்றொன்று, ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்பது. மருந்தளவைச் சரிபார்க்க இரண்டாவது வசதி கைகொடுக்கும். கோப்பின் பெயரில் தேதி தானே பதியுமானால் மிக நன்று. ஐப்பசியில் சொன்ன அறிவுரையைப் பங்குனியில் தேடி எடுக்கலாம். மைக் வழியாகப் பதியும் வசதியும் இருந்தால், கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சியில் சொல்வதையும் அனுமதி பெற்றுப் பதிந்து வரலாம்.

மின்கலமும் வெப்பமும்

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மின்கலக் கொள்ளளவை அப்படியே நம்ப வேண்டாம். 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் செல்லின் உண்மையான கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவைத் தாண்டுவது அரிது. 9,900 என்று அச்சிட்டு விற்பது பொய். 1,000 மில்லி ஆம்பியர் மணி செல்லில் 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் பெட்டி கணக்குப்படி 10 மணி நேரம் ஓட வேண்டும். நடைமுறையில் ஏழு, எட்டு மணி நேரம் ஓடினால் திருப்தி அடையலாம். செல்லிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ளதா என்று பார்க்கவும். எளிதில் கழற்றி மாற்றக்கூடிய செல் உள்ள பெட்டியையே வாங்குக. உள்ளேயே ஒட்டிவிட்ட செல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வலுவிழந்தால் பெட்டியே வீணாகும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில் பெட்டியை விட்டுவரக் கூடாது. லித்தியம் செல்லை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் மின்னேற்றம் செய்தால் கெடும். ஊதிப் பெருத்துத் தீப்பிடிக்கவும் கூடும். ஊதிய செல்லைக் குத்தியோ நசுக்கியோ பார்க்க வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் இதைத் தனியே வலியுறுத்த வேண்டியுள்ளது. கைப்பேசிக்குத் தடை என்பதால் 'இது வெறும் ரேடியோதானே' என்று எண்ணிப் பெட்டியைப் பட்டாசு ஆலைக்குள் எடுத்துச் செல்லவே கூடாது. திருகுச் சுவிட்சில் எழும் சிறு பொறி, பழுதான செல்லின் சூடு ஆகியவையே மருந்துத் தூள் படிந்த அறைக்குப் போதும். வேலை முடிந்து வந்தவர் குளித்து, உடை மாற்றிய பின் பெட்டியைக் கையாள்வது நல்லது. அலுமினியத் தூள் படிந்த விரல்கள் மின்கல முனைகளுக்கும் ஆகாது. வெடி, மத்தாப்பு, திரி போன்றவை இருக்கும் அறையில் எந்தப் பெட்டியையும் மின்னேற்றம் செய்யக் கூடாது.

பதிவில் கேட்ட பரிந்துரை எந்தத் தேதியில் ஒலிபரப்பானது என்பதையும் பாருங்கள். மருந்துகளுக்கான அனுமதி மாறக்கூடியது. சென்ற ஆண்டுப் பதிவானால், தெளிப்பதற்கு முன் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணிலோ, வட்டார வேளாண்மை அலுவலரிடமோ கேட்டுக்கொள்க. இந்த எண்ணில் அழைக்கக் கட்டணம் இல்லை.