உங்களுக்குத் தெரியுமா? ஒரே விற்பனை, மூன்று கமிஷன்!

● நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குத் தரப்படும் பழைய கணக்குகளில் ஒன்று சேல்ஸ்மேன் சம்பளம். டைட்டல் தந்தையும் மகனும் எழுதிய 'சி' மொழிப் பாடநூலில், வாரம் 200 டாலர் நிலையான சம்பளம், விற்றதில் 9 சதவீதம் கமிஷன். 5,000 டாலருக்கு விற்றவருக்கு 650 டாலர். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். -1 என்று தட்டினால் நிற்கும். விற்பனை மைனஸில் போகாது என்ற நம்பிக்கை! தாம்பரத்துத் துணிக்கடையில் இது செல்லாது. ரிட்டர்ன் பில்லைக் கழித்தால் சிலருக்கு மைனஸும் வரும்.

● பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று தமிழ்நாட்டுக் கணினி அறிவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்வதற்கு 'மடக்கு', இப்படியானால் இதைச் செய் என்பதற்கு 'நிபந்தனை'. இந்த இரண்டும் இருந்தால் ஒரு கடையின் கமிஷன் ஷீட்டையே போட்டுவிடலாம். போடுவது எளிது, சரியாகப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

● மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 1 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம், 2 லட்சத்தைத் தொட்டால் 2, 3 லட்சத்தைத் தொட்டால் 3. ஒருவர் 2,60,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். நிரலில் 'விற்பனை 1 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்' என்ற கேள்வியை முதலில் வைத்தால் பதில் 'ஆம்'. கணினி அங்கேயே 1 சதவீதம் போட்டுவிட்டு, மீதிப் படிகளைப் பார்க்காமலே வெளியேறிவிடும். கிடைப்பது 2,600 ரூபாய். பெரிய தொகையிலிருந்து கீழே இறங்கினால் 5,200. முதலாளியோ, "நான் சொன்னது அந்தந்தப் படிக்கு மேலே விற்றதுக்கு மட்டும்தான்" என்கிறாரா? அப்படியானால் இரண்டாவது லட்சத்துக்கு 1,000, மேலே உள்ள 60,000-க்கு 1,200, ஆக 2,200. மூன்று நிரலும் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடும். முதலாவது தவறான நிரல். மற்ற இரண்டில் எது சரி என்பதைக் கணினியிடம் கேட்டுப் பயனில்லை. வேலைக்குச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

● சரியாக 2,00,000-க்கு விற்றவர் கதை இன்னும் மோசம். முழு விற்பனைக்கும் கமிஷன் தரும் கடையில், 'சமமோ கூடவோ' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கூட' என்று மட்டும் எழுதினால் 4,000 ரூபாய் 2,000 ஆகிவிடும். விடுபட்டது ஒரே ஒரு சமக்குறி.

● ஊழியர்களுக்கு ஒரு மடக்கு, அதற்குள் ஒவ்வொருவரின் பில்களுக்கு இன்னொரு மடக்கு. 'மொத்தம் = 0' என்ற வரி வெளி மடக்குக்குள், பில் மடக்கு தொடங்குவதற்கு முன்னால் இருக்கவேண்டும். ஆரம்பத்திலேயே ஒருமுறை எழுதிவிட்டுப் போனால், முதல் ஆள் விற்றதெல்லாம் இரண்டாம் ஆள் கணக்கில் ஏறும். பட்டியலில் கடைசிப் பெயர்க்காரருக்கு யோகம்தான்!

● நிபந்தனையை எத்தனை முறை கேட்பது என்பதும் முக்கியம். ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கு மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய்; 2019 ஜூலை முதல் ஊழியர் பங்கு 0.75 சதவீதம். அக்டோபரில் 19,000 வாங்கியவருக்குப் பொங்கல் நேரத்தில் ஊதியம் 24,000-க்கு உயர்ந்துவிட்டால் பிடித்தம் நின்றுவிடுமா? நிற்காது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்பவை பங்களிப்புக் காலங்கள். அக்டோபரில் உள்ளே இருந்தவர் மார்ச் வரை உள்ளேதான். 24,000-க்கும் 180 ரூபாய் பிடிக்கவேண்டும். மாதாமாதம் வரம்பைச் சரிபார்க்கும் நிரல், மருத்துவ வசதி தேவைப்படும் நேரத்தில் ஆளை வெளியே தள்ளிவிடும்.

● தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. அது வசூலிக்கும் தொழில்வரியும் ஒரு நிபந்தனை ஏணிதான். அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. பிறகு 30,000, 45,000, 60,000, 75,000 என்று படிகள். வருமான வரி போல, கூடுதல் தொகைக்கு மட்டும் கணக்குப் போடும் முறை இதில் கிடையாது. ஒரு ரூபாய் தாண்டினாலும் அடுத்த படியின் முழு வரி. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு தடை போட்டிருக்கிறது.

● சம்பளக் கணக்கை முதலில் கணினியிடம் ஒப்படைத்த நிறுவனங்களில் ஒன்று லண்டனின் தேநீர்க்கடை நிறுவனமான லயன்ஸ். அவர்களே கட்டிய 'லியோ' கணினி 1954-இல் தங்கள் பேக்கரி ஊழியர்களின் சம்பளத்தைப் போட்டது.

● முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் துணிக்கடையின் கமிஷன் ஏணியைத் தமிழிலேயே எழுதலாம். @(விற்பனை >= 200000) ஆனால் என்று தொடங்கி, இல்லை, முடி என்று போகும்.

● ஆயுள் காப்பீட்டு முகவரின் வருமானத்தில் மடக்கும் நிபந்தனையும் சேர்ந்தே வரும். 2015 திருத்தம்வரை காப்பீட்டுச் சட்டத்தின் 40ஏ பிரிவு வைத்திருந்த பொதுவான உச்சவரம்பு: முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் 7.5, அதன்பிறகு 5. இந்த மடக்கு எத்தனை ஆண்டு சுற்றும் என்பது முகவர் கையில் இல்லை. பாலிசிதாரர் பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் இதுவும் அன்றோடு நிற்கும்.